பிணத்தின் பாக்கெட்டில் இரண்டு பிளக்

"செத்துப்போனவன் பாக்கெட்ல ஸ்பார்க் பிளக்கா? மேல போறதுக்கும் வண்டி ரெடி பண்ணிட்டுத்தான் கெளம்பியிருக்கான்" என்றார் கலீமுல்லா.

இன்ஸ்பெக்டர் வசந்த் சிரிக்கவில்லை. ஸ்டேஷன் மேஜைமேல் விரித்திருந்த பழைய செய்தித்தாளில் சுண்ணாம்பு படிந்த சாமான்கள் கிடந்தன. ஒரு கைக்கடிகாரம், ஒரு பர்ஸ், ஒரு தோல் பெல்ட், இரண்டு ஸ்பார்க் பிளக். ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் மூன்று மாதமாக மூடிக் கிடந்த, தோல் பதனிடும் ஒரு டேனரியின் சுண்ணாம்புக் குழியிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை காலை தூக்கிய பிணத்தோடு வந்தவை. பின்மண்டை இரும்புத் தடியால் பிளந்திருந்தது. முகம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. மாட்டுத்தோலையே பதம் பார்க்கிற சுண்ணாம்பு, மனித முகத்தை விட்டுவைக்குமா? சட்டையையும் கடிகாரத்தையும் பார்த்து மனைவி கதறியதில், ஷூ கம்பெனி மேனேஜர் ராமமூர்த்தி என்று எழுதி, மறுநாளே எரித்தும் முடித்துவிட்டார்கள். இன்று வியாழன்.

"சிம்பிள் கேஸ் மேடம்" என்றார் வசந்த். "டேனரி முதலாளி குவைத்துல இருந்து கொண்டுவந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு அங்க நின்னுச்சு. எண்பத்து நாலு மாடல், செவப்பு கலரு. முதலாளி இப்ப மெட்ராஸ்ல. புரோக்கர் அபினேஷ் மூலமா ராமமூர்த்தி வெலை பேசி, சனிக்கிழமை மத்தியானம் வண்டிய எடுக்கப் போனாரு. அங்க இருந்தது ஒரே ஒரு வாட்ச்மேன், ஜெபசீலன். இவர அடிச்சிக் குழியில போட்டுட்டு, வண்டிய எடுத்துக்கிட்டு ஓடிட்டான். பெங்களூர் ரோட்ல அவன் அந்த வண்டிய ஓட்டிட்டுப் போனத அபினேஷே கண்ணால பார்த்திருக்கான். மறுநாள் பிணத்தப் பார்த்து எங்களுக்குச் சொன்னதும் அவன்தான்."

பிரிஸ்கில்லா தலையசைத்தாள். பன்னிரண்டு வருடம் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, ஒரு மேலதிகாரியின் கன்னத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை உதறியவள். இப்போது சத்துவாச்சாரியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவளுடைய துப்பறியும் அலுவலகம். அதில் மீதி இருக்கிற ஒரே ஊழியர் கலீமுல்லா. நாற்பத்தெட்டு வயது. முன்னாள் மெக்கானிக், இந்நாளில் டிரைவர், குமாஸ்தா, டீ போடுபவர், வாயாடி. கார் விஷயம் அவர் பார்த்துக்கொள்வார், மனுஷ விஷயம் அவள்.

நேற்று அந்த மாடியேறி வந்தவள் வாட்ச்மேனின் மகள் கெசியா. ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற வேலை. அழவில்லை. "எங்க அப்பாவுக்கு சைக்கிளே தடுமாறும் மேடம். நாப்பத்தஞ்சு கிலோதான் இருப்பாரு. அவரா ஒரு ஆள அடிச்சித் தூக்கிக் குழியில போட்டாரு? அவரு எங்கயோ மாட்டிக்கிட்டு இருக்காரு. கண்டுபிடிச்சிக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பிரிஸ்கில்லா பெல்ட்டைக் கையில் எடுத்தாள். இரண்டாவது ஓட்டையில் பல வருடம் மாட்டி மாட்டி ஆழமாக மடிப்பு விழுந்திருந்தது. அங்கிருந்து ஒரு சாண் தள்ளி ஆணியால் குத்திய மாதிரி இன்னொரு ஓட்டை, ஓரமெல்லாம் பிசிறு.

"பிணத்துல பெல்ட்டு எந்த ஓட்டையில மாட்டியிருந்துச்சு சார்?"

"இந்தக் கடைசி ஓட்டையில. அதுல இன்னா?"

"செத்தப்புறம் மனுஷன் மெலிஞ்சிட்டாரு போல" என்றார் கலீமுல்லா. பிரிஸ்கில்லாவும் சிரிக்கவில்லை. பெல்ட்டை மெதுவாக வைத்தாள். அதற்குள் கலீமுல்லா ஒரு பிளக்கை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கேலி வடிந்துவிட்டது.

"சார், சாதா பிளக்குக்கு நுனியில ஒரே ஒரு கொக்கிதான் இருக்கும். இதுக்கு சுத்தி நாலு பக்கமும் இருக்கு பாருங்க. இது ரோட்டரி இஞ்சின் பிளக்கு. அந்த வண்டியில பிஸ்டனே கெடையாது. உள்ள முக்கோணமா ஒண்ணு கிறுகிறுன்னு சுத்தும், அவ்ளோதான். குவைத்துல அப்பிடி ஒரு வண்டி மூணு வருஷம் என் கையிலதான் இருந்துச்சு. ஓடுனா மகாராணி. ஆனா ஆறிப்போன வண்டிய ஸ்டார்ட் பண்ணி, நாலடி நகர்த்திட்டு ஒடனே ஆஃப் பண்ணீங்கன்னா போச்சு. உள்ள பெட்ரோல் ரொம்பிக்கும். தலைகீழா நின்னாலும் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. கீழ ரெண்டு பிளக்கையும் கழட்டி, காயவெச்சி, திரும்பப் போடணும்."

"சரி, அதனால?"

"கழட்டுன ரெண்டும் பிணத்தோட குழியில கெடந்திருக்கு. அப்ப பெங்களூர் ரோட்ல போனது இன்னா சார், மாட்டு வண்டியா?"

வசந்த் பிளக்கை வாங்கிப் பார்த்தார். "வேற பிளக்கு போட்டிருக்கலாம்ல?"

"ஆம்பூர்ல செருப்பு கெடைக்கும், பிரியாணி கெடைக்கும். இது கெடைக்காது. மெட்ராஸ்லயே சொல்லி வெச்சாத்தான் வரும்."

பிரிஸ்கில்லா எழுந்துவிட்டாள். "வண்டி எங்கயும் போகல. போச்சுன்னு சொன்னவன் ஒருத்தன் இருக்கான். ரெண்டு கான்ஸ்டபிள் குடுங்க சார்."

"இன்னிக்கி பேஜார் பண்ணாதீங்க மேடம். ராமமூர்த்தி மேல இருந்த கேஸுக்குத் திங்கக்கிழமை தீர்ப்பு. ஆள் செத்துட்டான்னு கோர்ட்டுக்குப் பேப்பர் ரெடி பண்ணணும்."

அந்த வழக்கு ஊருக்கே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன், தொண்ணூற்றொன்பதில், ராமமூர்த்தியின் கம்பெனியில் பசை ஒட்டும் அறை தீப்பிடித்தது. பெண்கள் அடிக்கடி வெளியே போகிறார்கள் என்று அவர்தான் கதவை வெளியிலிருந்து பூட்டச் சொல்லியிருந்தார். மூன்று பேர் கதவடியிலேயே கருகிக் கிடந்தார்கள்.

ஆம்பூருக்குப் போகிற வழியெல்லாம் சுவருக்குச் சுவர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். உப்பிய கன்னம், அடர்ந்த மீசை, இடது புருவத்தைக் குறுக்கே வெட்டும் தழும்பு. கீழே 'எங்கள் குடும்ப விளக்கு அணைந்தது' என்று கொட்டை எழுத்து.

"விளக்காம்" என்று கலீமுல்லா ஜன்னலுக்கு வெளியே துப்பினார். "மூணு பொம்பளைங்கள எரிச்ச விளக்கு."

அபினேஷின் புரோக்கர் கடை பூட்டியிருந்தது. எதிர் டீக்கடையில் கலீமுல்லா ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் விஷயம் வந்துவிட்டது. ஆள் விடிகாலையிலேயே மெட்ராஸ் போயிருக்கிறான், ரெண்டு மணி பஸ்ஸில் வந்துவிடுவான்.

வந்தான். கூலிங் கிளாஸ், இறுக்கமான ஜீன்ஸ், அக்குளில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. பஸ் படியிலிருந்து அவன் கால் தரையில் படும்போதே பிரிஸ்கில்லா முன்னால் நின்றாள்.

"பெட்டியில இன்னா தம்பி?"

முழங்கையால் அவள் வயிற்றில் இடித்தான். அவள் மடங்கிய நொடியில் கலீமுல்லா அவன் காலரைப் பிடித்தார். பளிச்சென்று ஒரு கத்தி வெளியே வந்து, அவர் உள்ளங்கையைக் குறுக்காகக் கீறிக்கொண்டு போனது. பஸ் ஸ்டாண்டில் பழக்கூடைகள் கவிழ்ந்தன. யாரோ அலறினார்கள். பிரிஸ்கில்லா குனிந்த நிலையிலேயே கத்தி பிடித்த அவன் கையைப் பற்றி, கட்டைவிரலைப் பின்னால் மடக்கினாள். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. அபினேஷ் மண்டியிட்டான். பெட்டி வாய் திறந்து, இரண்டு புத்தம் புதிய பிளக்குகள் சிமென்ட் தரையில் உருண்டன. நுனியைச் சுற்றி நாலு பக்கமும் கொக்கி.

"எங்க இருக்கு வண்டி?"

"டேனரியிலதான்... டிரம் ஷெட்ல, தோலுக்கு அடியில. அவரும் அங்கதான் இருக்காரு. நான் ஒண்ணும் பண்ணல மேடம், வண்டியத் தள்ளிக் குடுத்ததோட சரி! நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னியும் கொன்னுடுவாரு..."

"யாரு?"

அடிபட்ட நாய் மாதிரி திமிறி, கலீமுல்லாவின் ரத்தப் பிசுபிசுப்புக் கையிலிருந்து நழுவி ஓடினான். திருப்பத்தூர் பஸ் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. விசில் அடிக்க வேண்டிய கண்டக்டர் சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். தகரத்தில் பூசணிக்காய் மோதின மாதிரி ஒரு சத்தம். சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால், காதில் ரத்தம் வழிய, அபினேஷ் மல்லாந்து கிடந்தான். மூச்சு இருந்தது. பேச்சு இல்லை.

பிரிஸ்கில்லா டெலிபோன் பூத்திலிருந்து வசந்தைக் கூப்பிட்டுவிட்டு வந்தாள். கலீமுல்லா உள்ளங்கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அவரு அங்கதான் இருக்காருன்னானே மேடம். அப்ப ஜெபசீலன் உயிரோடதான் இருக்காரு! ஆனா, 'கொன்னுடுவாரு'ன்றான். நாப்பத்தஞ்சு கிலோ ஆள் அவ்ளோ டெரரா?"

"வண்டிய எடு பாய்" என்றாள் அவள். அவள் குரல் சரியில்லை என்பது அவருக்குத் தோன்றத்தான் செய்தது. கேட்கவில்லை.

டேனரியின் பின்சுவர் இடிந்த இடம் வழியாக நுழைந்தார்கள். வெயில் கொளுத்தியது. டிரம் ஷெட் என்பது நீளமான ஓட்டுக் கொட்டகை. தோலைப் போட்டுச் சுழற்றுகிற மர உருளைகள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவு, வரிசையாக நாலு நின்றன. கோடியில் உப்புத்தோல் குவியல். ஈக்கள் கறுப்புப் போர்வை மாதிரி அதன்மேல் அசைந்தன. நாற்றத்தில் கண் எரிந்தது. போலீஸார் இதைத் தொடாததில் ஆச்சரியமே இல்லை.

கலீமுல்லா மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு தோலை இழுத்துத் தள்ளினார். சிவப்பு தெரிந்தது. இன்னும் நாலு. தாழ்வான, நீண்ட மூக்கு. பானெட்டைத் தூக்கினார். அவ்வளவு வேகம் ஓடுகிற வண்டிக்குள் குழம்புப் பானை அளவுக்கு ஓர் இஞ்சின். பக்கவாட்டில், கீழே, பிளக் இருக்க வேண்டிய இரண்டு ஓட்டைகளும் வெறுமையாக இருந்தன.

"அல்லா, இவ்ளோ அழகான வண்டிய இந்த நாத்தத்துலயா..."

முடிக்கவில்லை. முதுகுப்பக்கம் காற்று கிழிந்தது. தோலில் ஒட்டிய சதையை வழிக்கிற கத்தி, இரண்டு பக்கமும் மரப்பிடி வைத்தது, அவர் இடது தோள்பட்டையில் இறங்கி எலும்பில் முட்டி நின்றது. வலி வருவதற்கு முன்னால் சூடு வந்தது. திரும்பினார். முகத்தைச் சுற்றித் துண்டு கட்டிய ஒரு பெரிய உருவம். நெஞ்சில் ஓர் உதை. பின்னால் இருந்த டிரம்மின் திறந்த வாய்க்குள் தலைகுப்புற விழுந்தார். வெளியே ஸ்விட்ச் போடுகிற சத்தம் கேட்டது. மோட்டார் உறுமியது.

டிரம் சுழல ஆரம்பித்தது.

உள்சுவரெங்கும் தோலைத் தூக்கிப் போடுவதற்கு முழங்கை நீள மரமுளைகள். அவை கலீமுல்லாவைத் தூக்கின. உச்சிக்குக் கொண்டுபோய்க் கீழே போட்டன. விலா எலும்பு ஒன்று முறிந்தது அவர் காதுக்கே கேட்டது. டிரம்மின் வாய் ஒவ்வொரு தடவையும் சுற்றி வரும்போது ஒரு கணம் வெளிச்சம் அடித்தது. அந்த வெளிச்சத்தில், பிரிஸ்கில்லாவின் கழுத்தை அந்த ஆள் கத்தியின் பிடியால் சுவரோடு அழுத்துவது தெரிந்தது. இருட்டு. முளை தாடையில் அடித்தது. மறுபடி வெளிச்சம். அவள் வாயெல்லாம் ரத்தம், கை மட்டும் தரையில் எதையோ துழாவியது. இருட்டு. 'யா அல்லா, சட்னியாகத்தான் போறேன்' என்று நினைத்துக்கொண்டே விழுந்தார். வெளிச்சம். ஒரு கைப்பிடி உப்பு அந்த ஆளின் கண்ணில் இறைந்தது, அவன் அலறினான். அடுத்த வெளிச்சத்தில் அவள் கையில் இரும்புத் தடி இருந்தது. அதற்கடுத்ததில் அந்தத் தடி அவன் மணிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் முழங்காலில். அப்புறம் இன்னொரு முழங்காலில்.

டிரம் முனகிக்கொண்டே நின்றது. பிரிஸ்கில்லா அவரை அக்குளைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"உயிரோட இருக்கியா பாய்?"

"இருக்கேன். தோல் நல்லா பதமாயிருச்சி மேடம், ஏற்றுமதி பண்ணிடலாம்" என்றார். சிரிக்கப் போனார், விலா குத்தியது.

தரையில் கிடந்தவன் முகத்திலிருந்து துண்டு அவிழ்ந்திருந்தது. கலீமுல்லா அவனைப் பார்த்தார். நாலு நாள் தாடி, கண்ணில் உப்பு. ஆனால் உப்பிய கன்னமும் அடர்ந்த மீசையும் இடது புருவத்தை வெட்டும் தழும்பும் அப்படியே இருந்தன. அந்த முகத்தை அவர் அன்று மட்டும் இருபது சுவர்களில் பார்த்திருந்தார்.

"மேடம்... இவன் போஸ்டர்ல இருக்கறவன்."

"ஆமா. ராமமூர்த்தி. நம்ம குடும்ப விளக்கு."

அவள் ஒரு தோல் கட்டின்மேல் உட்கார்ந்து, வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பினாள். பிறகு கிடந்தவனைப் பார்த்துப் பேசினாள். "திங்கக்கிழமை தீர்ப்பு. செத்தவனுக்கு ஜெயில் கெடையாது. உனக்கு ஒரு பிணம் வேணும், ஒரு கொலைகாரன் வேணும். கொலைகாரன் ஓடிட்டான்னு ஊரு நம்பணும்னா ஓடறதுக்கு ஒரு வண்டியும் வேணும். அதுக்குத்தான் கார் வாங்கற நாடகம். ஷெட்லருந்து கேட் வரைக்கும் ஓட்டிட்டு வந்து, அந்தாள முடிக்கறதுக்காக ஆஃப் பண்ணே. முடிச்சிட்டு வந்தா ஸ்டார்ட் ஆகல. பிளக்கக் கழட்டிப் பாக்கெட்ல போட்டே. அப்புறம் அவசர அவசரமா உன் சட்டை, உன் பேன்ட், எல்லாத்தையும் அந்தாளுக்கு மாட்டிக் குழியில தள்ளிட்டே. பாக்கெட்டப் பார்க்கல."

ராமமூர்த்தி பல்லைக் கடித்தான். "பதினஞ்சு வருஷமா அந்த மாதிரி வண்டிக்கு ஏங்கிட்டு இருந்தேன். புஸ்தகமெல்லாம் படிச்சிருக்கேன். நாலடி ஓட்டி ஆஃப் பண்ணக் கூடாதுன்னு ஒரு புஸ்தகத்துலயும் கண்ணுல படல."

"வண்டி இங்க கெடந்தா வாட்ச்மேன் ஓடிட்டான்ற கதை நிக்காது. அதான் பிளக்கு வர்ற வரைக்கும் காத்துக் கெடந்தே."

கலீமுல்லாவுக்குத் தோள் வலியே மறந்துபோனது. "இருங்க மேடம். அந்தாளுக்கு மாட்டினான்னா... யாருக்கு?"

பிரிஸ்கில்லா அவரை நேராகப் பார்க்கவில்லை. "பெல்ட்டு, பாய். இவன் இடுப்புக்கு இருந்த பெல்ட்ட நாப்பத்தஞ்சு கிலோ ஆளுக்கு இறுக்கணும்னா ஆணியால புது ஓட்டை போட்டுத்தான் ஆகணும். காலையிலயே மனசுல பட்டுச்சு. தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே வந்தேன்."

"ஒரு வாட்ச்மேன்" என்றான் ராமமூர்த்தி, தரையில் கிடந்தபடியே. "வயசானவன். இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருப்பானா?"

கலீமுல்லா எழுந்தார். ஒற்றைக் காலில் நின்று, செருப்புக் காலால் அவன் வாயில் ஓர் உதை விட்டார். பற்கள் உடைந்தன. முறிந்த விலா அவரையே இரண்டாக மடக்கியது. பிரிஸ்கில்லா அதைப் பார்க்காதவள் மாதிரி, வாசலில் வந்து நின்ற ஜீப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தோளில் பதினாறு தையல், நெஞ்சைச் சுற்றிக் கட்டு. டாக்டர் படுக்கச் சொன்னதைக் கலீமுல்லா கேட்கவில்லை. ஆறு மணிக்கு ஷிப்ட் விடுகிற நேரம் கெசியாவின் ஃபேக்டரி வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். வழியில் பிரிஸ்கில்லா, "நான் சொல்றேன்" என்றாள். கலீமுல்லா தலையாட்டினார். ஆனால் டிபன் பையோடு அந்தப் பெண் வெளியே வந்து, இவர் கட்டுகளையும் பிரிஸ்கில்லாவின் வீங்கிய உதட்டையும் பார்த்து நின்றபோது, பிரிஸ்கில்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்தான் சொன்னார். ஒரு கேலி இல்லாமல், ஒரு சுற்று வளைப்பு இல்லாமல், இருபது வாக்கியத்தில் எல்லாவற்றையும்.

கெசியா பையைக் கீழே வைத்தாள். ஷிப்ட் முடிந்த பெண்கள் அவர்களை விலகிக்கொண்டு போனார்கள்.

"கல்லறைத் தோட்டத்துல அம்மா பக்கத்துல எடம் விட்டு வெச்சிருக்கோம்ணே" என்றாள். "பாடி எங்க இருக்கு?"

"இல்லம்மா. அவன்னு நெனச்சி... திங்கக்கிழமையே எரிச்சிட்டாங்க."

கெசியா கை நகத்தில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"யாராச்சும் அழுதாங்களா?"

கலீமுல்லா அவள் பக்கம் ஓர் எட்டு வைத்தார். "அழுதாங்கம்மா. அவன் சம்சாரமும் பசங்களும். இன்ஸ்பெக்டர் சொன்னாரு. பாடிய எடுக்கவே விடலியாம், கால கட்டிப் புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் அழுதாங்களாம்."

"சாம்பல்?"

"அவங்க வீட்லதான் இருக்கு. நாளைக்குத்தான் கரைக்கப் போறாங்களாம்."

"அந்தம்மாவுக்கு விஷயம் தெரியுமா?"

"இன்னும் இல்ல" என்றாள் பிரிஸ்கில்லா. "போலீஸ் ராத்திரி சொல்லுவாங்க."

கெசியா டிபன் பையை எடுத்துக்கொண்டு, காரின் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தாள்.

"போலீஸ் வேணாம் மேடம். அந்தம்மா எங்க அப்பாவுக்காக அழுதிருக்காங்க. நானே போய்ச் சொல்றேன். வண்டிய எடுங்க."